பத்துக்கு எட்டு

தை முடிந்தால்
மாவட்டக் கபடி அணிகள் கோச்சை மாற்றும்.
எங்களுக்கு அதுதான் சீசன்.
சிம்மக்கல்லில் முதல் மாடி, இரண்டு கம்ப்யூட்டர்,
இரைந்துகொண்டே இருக்கும் ஒரு மெஷின்.
‘வருக வருக’ எப்போதும் தயார்.
மூஞ்சி மட்டும்தான் மாற்ற வேண்டும்.

இந்த வருஷம் நாலு பேர்.
அடுத்த தையில் எவர் மிஞ்சுவார் என்று
எனக்கும் மெஷின் ஓட்டும் பூவலிங்கத்துக்கும் பந்தயம்.
தோற்றால் ஒரு வாரம் கறிதோசை.
மூன்று வருஷமாக நான்தான் வாங்கித் தருகிறேன்.

மேலூருக்கு வந்திருப்பவர் அடைக்கன்.
பனியனோடு போட்டோ அனுப்பி
கோட்டு மாட்டிவிடச் சொன்னார்.
நீலம். பிறகு போன் செய்து, கறுப்பு.
ராத்திரி பத்து மணிக்கு, பின்னால் ஒரு சிங்கம்.
“சிங்கம் வச்சவன் தோத்ததில்லக்கா”
பூவலிங்கம் அங்கேயே கட்டிவிட்டான்.
போன வருஷம் திருமங்கலத்துக்கு வைத்த புலியை
நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஒத்தக்கடைக்கு வந்தவர் தனராஜா தவராஜா என்று
செயலாளருக்கே தெரியவில்லை.
“ரெண்டையும் அடிச்சு வைம்மா,
ஆளு வந்து எறங்கட்டும், கேட்டுச் சொல்றேன்.”

வாடிப்பட்டி ஜபருல்லா நேரில் வந்தார்.
மீசை நரையை எடுத்துவிடவா என்றேன்.
“இருக்கட்டும். அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க.”

உசிலம்பட்டி ஒச்சப்பன்
தன் படமே அனுப்பவில்லை.
கோடு போட்ட நோட்டுத்தாளில்
பன்னிரண்டு பெயர், இனிஷியலோடு.
கடைசிப் பையன் பத்தாம் வகுப்பு, எழிலன்.
சிறப்பு ழ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள
இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார்.
நான் இவர்மேல் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தவர்
செல்லக்காமு.
உசிலம்பட்டியில் போன மாசம்வரை கோச்.
“போன வருச ப்ளெக்ஸ் எதும் கெடக்கா?
வைக்கப்போருக்கு மூடணும், கோட மழ வந்துரும்.”
கிடந்தது. மெஜந்தா தீர்ந்துபோய்
அவர் முகம் பச்சையாக விழுந்த பத்துக்கு எட்டு.
காசு வேண்டாம் என்றேன்.
ஓரத்து வளையங்களை எண்ணிப் பார்த்தார்.
எவர் ஜெயிப்பார் சார், என்று வாய்தவறிக் கேட்டேன்.
எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
“லெஃப்ட் கார்னர் பய முழங்கால்ல ஜவ்வு போயிருச்சு.
எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.
வைகாசில போலீஸ் செலக்‌ஷன், அதான் மூச்சு விடல.
எவன் வந்தாலும் அந்த மூலையில ஓட்டதான்.”
தன் முகம் உள்பக்கமாக வரும்படி மடித்து
கேரியரில் கட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பையன்கள் படம் வந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பதினோரு பேர் இரண்டு காலில் நிற்கிறார்கள்.
ஒருவன் மட்டும் வலது காலில்.

நேராக்குவது எனக்கு இரண்டு நிமிஷ வேலை.
மௌஸை எடுத்தேன், வைத்தேன்.
ஒச்சப்பனுக்குப் போன் போட்டேன்.
சிறப்பு ழ வந்திருச்சு சார், என்றேன்.
சரிம்மா என்றார்.
நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

“காலுதான?” என்றார்.
“மொத நாளே பாத்துட்டேன்.
அவனா சொல்றவரைக்கும் கேக்கப்போறதில்ல.
அதுக்குத்தாம்மா அந்தப் பன்னெண்டாவது பேரு.”

மெஷின் விரல்கடை விரல்கடையாகத் துப்புகிறது:
தலைகள், பனியன் எண்கள்,
சாய்ந்தபடியே ஒரு இடுப்பு.
பந்தயத்தை இரண்டு வாரமாக்கினேன்.
பூவலிங்கம் சிரிக்கிறான்.
அவனுக்குச் சிங்கம் இருக்கிறது.

எல்லாம் சரி.
அந்த வாடிப்பட்டிக்காரர் நரையை
எடுக்கவிட்டிருந்தால்
நான் இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.