ஆணி இல்லாத இரண்டரை அடி

கம்பளத்தைச் சுருட்டித் தூக்கியதும்
முதலில் எழுந்தது வாசனைதான்.
நாற்பது ஆகஸ்டுகளின் ஈரம்,
கூடவே இப்போது இல்லாத ஏதோ ஒரு நாய்.
"மன்னிக்கணும்" என்றாள் யூதிமியா,
தன்மேலேயே நாற்றம் அடிப்பதுபோல.

தார்ப்பன் ஸ்பிரிங்ஸில் வீட்டுக்கு வீடு இதே கதை.
ஃபுளோரிடாவின் இந்தக் கரைக்குக்
கடற்பஞ்சு எடுக்க வந்த கிரேக்கர்களின் வாரிசுகள்
ஏசியைப் போட்டுக்கொண்டு
கம்பளத்தின் மேல் வாழ்கிறார்கள்,
அடியிலேயே குளிர்ந்த கல் கிடப்பது தெரியாமல்.
தெரியாதவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.
என் பெயர் வில்னேர். டெராசோ தேய்ப்பவன்.

முதல் நாள் எதையும் தேய்ப்பதில்லை.
பாய் அளவு பிளாஸ்டிக் தாளை விரித்து
நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போய்விடுவேன்.
இதற்கா காசு என்று கேட்காதவர் இல்லை.
மறுநாள் காலையில் தாளின் அடியில்
முத்து முத்தாக வியர்த்திருந்தது.
மேலிருந்து வந்ததல்ல அம்மா, கீழிருந்து.
வளைகுடா முந்நூறு கஜம் தள்ளி என்று நினைக்கிறீர்கள்;
அது உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருக்கிறது.
கண்ணாடிப் பூச்சு பூசினால்
ஒரு மழைக்காலம் தாங்கும். பிறகு
வெயில் பட்ட முதுகுபோல் உரியும்.
பத்திரிகையிலிருந்து கிழித்துவைத்த படத்தை
மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சுவரோரம் நெடுக
கம்பளப் பட்டை பிடுங்கிய பொத்தல்கள்,
எண்ணூற்றுப் பதினொன்று.
எண்ணினால்தான் விலை சொல்லமுடியும்.
அவளுடைய கேக் தட்டின் பன்னிரண்டு குழியிலும்
வெள்ளைச் சிமெண்ட், காவி ஒரு சிட்டிகை,
கரி அரைச் சிட்டிகை, மீதி என் ஊகம்.
காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும்;
உலர்ந்த நிறம் பொய் சொல்லும்.
ஏழாவது குழி என்றேன். ஒன்பது என்றாள்.
முழங்காலிட்டபடி அரைமணி நேரம் சண்டை.
ஒன்பதுதான்.

அப்புறம்தான் அது தெரிந்தது.
கூடத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை,
யாரும் மிதிக்காத தரையின் நிறத்தில்.
போய், திரும்பி, மறுபடி திரும்பி
தன்னையே வந்து தொட்டது.
நெடுக ஆணிக் குழிகள்.
"இங்கே சுவர் இருந்திருக்கிறது."
"இருந்ததே இல்லை. முப்பத்தோரு வருஷமாக இருக்கிறேன்."
வீட்டுக்கு அதைவிட வயது அதிகம் என்றேன்.
ஆறடிக்கு ஒன்பதடி. நாலும் உள்சுவர்,
ஜன்னலுக்கு வழியில்லை.
தையல் மெஷினா, தொட்டிலா,
யாரையாவது வைத்துப் பூட்டினார்களா?
தரை அதையெல்லாம் சொல்லவில்லை.
வடக்கு ஓரத்தில் மட்டும்
இரண்டரை அடிக்கு ஆணி இல்லை,
கல் லேசாகக் குழிந்திருந்தது.

"கதவு" என்றாள்.
எழுந்து, சுற்றி வந்து,
அந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள்.
ஒன்றும் செய்யவில்லை. நின்றாள்.
அதே வழியாக வெளியே வந்தாள்.

அன்றுமுதல் காப்பி வந்தது கதவு வழியாக.
நானும் முந்நூறு ராத்தல் எந்திரத்தைத்
திருப்பித் திருப்பி,
இல்லாத நிலையில் இடிக்காமல் உள்ளே நுழைத்தேன்.
வயர் மட்டும் சுவரை ஊடுருவிக் கிடந்தது.

முப்பது, எழுபது, இருநூறு, நானூறு, எண்ணூறு.
வைரத் தகடு மாற மாறச்
சேறு பாலாகி, பால் நீர்மோராகி,
துடைத்த இடத்தில்
பச்சைப் பளிங்கும் சிப்பித் துண்டும்
நேற்று அரிந்ததுபோல் வந்தன.
பொத்தல்கள் போயின. பட்டை போயிற்று.
எது எங்கே இருந்தது என்று
எனக்கே காட்டத் தெரியாது.
நான் கெட்டிக்காரன், காசு அதற்குத்தான்.

கடைசி நாள். செக் எழுதப் பேனா வேண்டும்.
பேனா கூடத்தின் அந்தக் கோடியில்,
நேரே நடந்தால் ஏழெட்டு எட்டு.
வெறுங்காலோடு
சுற்றிக்கொண்டு போனாள்.
நான் தாளை உதறி மடித்தேன்,
அடிப்பக்கம் இன்னும் ஈரம்.