கீழ்த்தாடை, இடது பக்கம்

லட்சுமி நகர் கபாடிக்காரன்
தராசில் போட்டுத்தான் கொடுத்தான்.
மரத்துக்கு விலையில்லை,
முறுக்காணி இரும்புக்கு மட்டும் கணக்கு என்றான்.
நூற்று எண்பது ரூபாய்.
பைக்குள் அடங்காத அதன் கழுத்து
ஷேர் ஆட்டோவில் எல்லோரையும் இடித்துக்கொண்டே வந்தது.

எனக்கு வாசிக்கத் தெரியாது,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நான் பல் செய்கிறவள்.
பார்த்தேயிராத வாய்களுக்கு
பகலெல்லாம் மெழுகில் கடைவாய் செதுக்கி
அக்ரிலிக்கில் ஈறு ஊற்றி
டப்பாவில் அடைத்து டாக்டருக்கு அனுப்புவேன்.
யாருடைய சிரிப்பு என்று சீட்டில் இருக்காது.
நிறம் மட்டும் இருக்கும்: ஏ மூன்று.

ஒன்பது மணிக்கு மேல் அதே மேசையில் கிடார்.

ஏதோ ஒரு டெல்லி மே மாதம்
மேல்பலகையைப் பாலத்திலிருந்து அடிவரை பிளந்திருந்தது.
யாரோ அதில் ஃபெவிகால் பிதுக்கி
மேலே செலோடேப்பும் ஒட்டியிருந்தார்கள்.
நல்ல மனசு, மோசமான கை.
ஈரத்துணி போட்டு ஊறவைத்து
பழைய பசையை ஸ்கேலரால் சுரண்டினேன்,
காரை படிந்த பல்லைச் சுரண்டுவதுபோல.
நனைத்த ஸ்பாஞ்சை ஒரு சோப்பு டப்பாவில் வைத்து
உள்ளே இறக்கி, துளையை மூடி,
மரம் தண்ணீர் குடிக்கட்டும் என்று விட்டேன்.
ஐந்தாம் நாள் பிளவு தானாகவே
வாயை மூடப் பார்த்தது.
அப்புறம்தான் பசை. அப்புறம்தான் கிளாம்ப்.

கழுத்து முனையில் கம்பி தாங்கும் பட்டை இல்லை.
காஜிபூரில் எருமைக் காலெலும்பு வாங்கி
குக்கரில் போட்டேன்.
மூன்றாவது விசிலுக்கு
வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டுக்காரி
மாடி ஏறி வந்து மூக்கைச் சுளித்தாள்.
பல்லு வேலை, ஆன்ட்டி, என்றேன்.
பெரிய பொய் இல்லை.
கடி பார்க்கும் நீலத்தாளைக் கம்பிக்கடியில் நுழைத்து
எந்தக் கட்டை உயரம் என்று பார்த்தேன்.
நீலம் ஒட்டிய இடத்தில் அரம்.

ஆனால் முதல் நாளிலிருந்தே
உள்ளே ஏதோ உருண்டுகொண்டிருந்தது.
கவிழ்த்துக் குலுக்கினால் துளைவரை வரும்,
விலாக்கட்டைக்குப் பின்னால் போய்விடும்.
வாசிக்கிற வில்லையாக இருக்கும் என்று நினைத்தேன்.
கம்பிகளைத் தளர்த்தி
வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பினேன்:
தூசி, ஒரு கரப்பான் கால்,
மூலையில் பல்.

பால்பல்.
கீழ்த்தாடை, இடது பக்கம், இரண்டாவது வெட்டுப்பல்.
பிடுங்கியதில்லை, வேர் கரைந்து விழுந்தது.
ஏழு வயது, மிஞ்சினால் எட்டு.
இவ்வளவும் எனக்குத் தெரிகிறது.
பெயர் தெரியவில்லை.

பக்கத்து மேசை ஹர்கீரத்
உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
விழுந்த பல்லை எலிப்பொந்தில் போடுவோம்,
எலி நல்ல பல்லாகக் கொண்டுவரும்,
உங்கள் ஊரில் இல்லையா?
எங்கள் ஊரில் சாணியில் பொதிந்து
கூரைமேல் எறிவோம் என்றேன்.

நாலாம் மாடிப் பிள்ளை
எலிப்பொந்துக்கு எங்கே போகும்?
வீட்டில் இருந்த ஒரே வட்டமான இருட்டு
இதுவாகத்தான் இருந்திருக்கும்.
யாரும் பார்க்காதபோது போட்டுவிட்டு
காத்திருந்திருக்கும்.
எப்படியும் முளைத்திருக்கும்,
எலிக்குத்தான் பெயர்.

எத்தனையோ பல்லை
வாய் தேடி அனுப்பியிருக்கிறேன்.
வாயை விட்டுவிட்டு
என்னிடம் வந்தது இது ஒன்றுதான்.
ஒரு வாரம் சாவிக்கொத்துத் தட்டில் கிடந்தது.
கடைசிக் கம்பி முறுக்கிய இரவு
இரண்டு கம்பிக்கு நடுவே
திரும்ப உள்ளே போட்டேன்.

சனிக்கிழமை முகர்ஜி நகரிலிருந்து
லால்ரின்மாவியா என்று ஒரு பையன் வாங்க வந்தான்.
பரீட்சைக்குப் படிக்கிறவன், மூன்றாவது தடவை.
தரையில் சம்மணம் போட்டு
ஒரே ஒரு கார்டு பிடித்தான்.
ஆறு கம்பியும் சுத்தமாக நின்றன.
அவன் நிமிர்ந்தபோது
சின்னதாக ஒரு டிக்.

உள்ளே ஏதோ லூஸா இருக்கு, தீதி.

இருக்கட்டும் என்றேன்.

முந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டான்.
கொடுத்தேன்.