சல்லி, செவ்வாய், பூச்சியம்

உட்துறைமுக வீதி அலுவலகத்தில்
மின்விசிறி இரண்டாம் இலக்கத்தைத் தாண்டாது.
அதன் கீழே எனக்கு
நான்கு வருடத்து மீன்.
வெடுக்கில்லை, செதிலில்லை,
நிரலும் நிரையுமாய்க் கிடக்கும்
சூரை, கீரி, பாரை.

சல்லிக் கரையில்
செவ்வாய்க்கிழமைதோறும் பூச்சியம்.
வடித்துப் பார்த்தேன், மாற்றி அடுக்கிப் பார்த்தேன்.
மார்ச் தொடக்கம் செப்டெம்பர் வரை
பல் உடைந்த சீப்பாய் வரைபு.

'செவ்வாய் வெறுவாய் எண்டு சும்மாவே சொன்னவங்கள்'
என்றார் சாரதி கனகசுந்தரம்,
தேத்தண்ணியை ஆற்றியபடி.
சிரித்தேன்.
நான் படித்தவள்.
எனக்கு வேறு காரணம் வேண்டும்.

கச்சானைக் கொண்டுவந்தேன். பொருந்தவில்லை.
நீரோட்டம். அதுவும் இல்லை.
நிலவைப் பக்கத்து நிரலில் வைத்தபோது
கொஞ்சம் பொருந்திற்று.
ஏழு தசம் நான்கு நாளுக்கொருமுறை
நிலவு காலாகும், பாதியாகும்.
தசத்துக்குப் பின்னால் நின்றதைக் கத்தரித்தேன்.
என்ன அழகாக வந்தது!
அன்றிரவு நித்திரையில்லை.
அறிக்கைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

படம் ஒன்று வேண்டியிருந்தது அட்டைக்கு,
வெறுங்கரை, கவிழ்த்த வள்ளம், அப்படி ஏதாவது.
அதற்காகத்தான்
ஒரு செவ்வாய் விடியலில்
உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவு தாண்டி
பஸ்ஸில் போய் இறங்கினேன்.

கரை முழுக்கக் கீரி.
வலை உதறும் கைகள், ஐஸ்பெட்டிகள், விலைச் சத்தம்.
காகங்களுக்கும் கிழமை தெரியவில்லை.
எண்ணுகிற கொப்பியோடு மட்டும்
எவருமில்லை.

முனவ்வரைப் பெரியாஸ்பத்திரியில் கண்டேன்,
இரத்தம் சுத்திகரிக்கும் பகுதிக்கு வெளியே,
மனைவியின் செருப்பு மடியில்.
செவ்வாய்தோறும் நான்கு மணித்தியாலம்.
கிண்ணியாவிலிருந்து வரவேண்டும்.
'வெறுமையா விட்டா அந்தப் படிவம்
சிவப்புல கத்துது மிஸ்.
இல்லாத மீன எழுத மனம் வரல்ல.
அதான் பூச்சியம் போட்டன்.'

அந்தக் கட்டத்தின் தலையில்
'கட்டாயம் நிரப்புக' என்று
சிவப்பு நட்சத்திரம் குத்தியவள் நான்.
எவரும் வராத நாளுக்கு
நான் ஒரு கட்டமும் வரையவில்லை.
எனக்கு அப்படியொரு நாள் தோன்றவேயில்லை.

சொல்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன்.
உள்ளே ஏதோ இயந்திரம்
அளந்து அளந்து சத்தமிட்டது.

திரும்பி வந்து
பூச்சியங்களை ஒவ்வொன்றாய் வெறுமையாக்கினேன்.
நூற்றுச் சொச்சம்.
நடுவில் கண் கொட்பேக்குப் போயிற்று:
அங்கே எல்லா எண்ணும்
ஐந்தில் முடிகிறது, அல்லது பத்தில்.
கடல் அப்படி எண்ணிக் கொடுக்காது.
இத்தனை நாள் அதை நான்
ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

மாலையாயிற்று.
வெளியே வீதியை மறித்து
மான்கள் நின்றன, பஸ் ஹோர்னுக்கும் அசையாமல்.

நிலவின் நிரல் மட்டும் மிச்சம்.
அழிக்க மனம் வரவில்லை.
மறைத்து வைத்தேன்.