பின்விரலின் எண்

ரொட்டி உறையில் சுற்றி வந்தது மரங்கொத்தி.
உறையின் மேல் பென்சிலில்:
கூசமோ, மார்ச் ஒன்பது, மர ஆலைச் சன்னலில் மோதியது.
அனுப்பியவர் தவுனோ ஹைக்கியோ.
மஞ்சள் உச்சி, ஆண்.
ஔலு அருங்காட்சியக மேசையில் உறைபனி இளகும்வரை
கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அட்டவணையில் ஒரு கட்டம் உண்டு: விரல் அமைப்பு.
மூன்று முன்னே ஒன்று பின்னே என்றால்
யோசிக்க ஒன்றுமில்லை,
சிட்டும் காகமும் அப்படித்தான் நிற்கின்றன.
இரண்டுக்கு இரண்டு என்றால் கிளி, குயில்;
அதன் கிரேக்கப் பெயருக்குள் ஒரு நுகம் இருக்கிறது,
மாடுகளைப் பூட்டும் அதே நுகம்.
நான்கும் முன்னே வளைந்திருந்தால் உழவாரன்,
சுவரில் தொங்கத் தெரியும், நடக்க வராது.

இதற்கு மூன்றே விரல்.
இரண்டு முன்னே, ஒன்று பின்னே.
'ஒரு முன்விரல் குறைவு' என்று எழுதினேன்,
அழித்தேன்.

திசை பொய் சொல்லும். எலும்பு சொல்லாது.
முதல் விரலுக்கு இரண்டு துண்டு,
இரண்டாவதற்கு மூன்று,
இப்படியே, எங்கே திரும்பினாலும்
தன் எண்ணைவிட ஒன்று கூடுதலாய்
உள்ளே சுமக்கும் ஒவ்வொன்றும்.
தோலை விலக்கி ஊசிமுனையால் எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
நகத்துக்குள் ஐந்து.

ஆக, நீ நான்காவது.
முன்வரிசைக்காரன், பின்னால் திரும்பி நிற்கிறாய்.
இல்லாமல் போனது முதலாவது.

ஏப்ரலில் தவுனோ நேரிலேயே வந்தார், இன்னொரு உறையோடு.
பதிவேட்டில் கையெழுத்திட்டார்,
சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனா.
நான் கேட்கவில்லை. கண் எண்ணிவிட்டது.
"நாலு," என்றார். "பட்டை ரம்பம்."

பறவையைக் காட்டினேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"கட்டைவிரல் இல்லையா இதற்கும்?"
"இல்லை."
"அப்படியா எழுதுவீர்கள், இல்லை என்று?
போய்விட்டது என்று எழுதமாட்டீர்களா?"

முட்டையிலிருந்து வரும்போதே இராது,
இதன் அப்பனுக்கும் இல்லை, என்றேன்.
அதற்கு முன்னால், எத்தனையோ காலம் முன்னால்,
யாருக்கோ இருந்தது.
அதற்கு என் படிவத்தில் கட்டமில்லை.

"அப்போ இதற்கு இல்லை.
எனக்குப் போய்விட்டது," என்றார்,
கணக்கை நேர்செய்த திருப்தியோடு.

நகம் அகலச் சீட்டில் எழுதிக் காலில் கட்டினேன்:
2, 3 முன். 4 பின். 1 இல்லை.

வாசலில் அவர் கையுறை மாட்டிக்கொண்டார்.
வலது கையுறையின் கட்டைவிரல்
உள்ளே மடித்து
சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.