மறுபட்டை

முதல் தடவை பாதிதான் எடுத்தார்கள்.
வலப்பக்கம், ஒரு புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் மேலே.
ஒரு மாசத்தில் தோட்டத்துக்குப் போகலாம் என்றார்கள்.
பன்னிரண்டாம் நாள் தாள் வந்தது.
ஒரே ஒரு சொல்லின் கீழே
பேனாவால் கோடு.
இடப்பக்கத்தையும் எடுக்கவேண்டும்.

"அதும் கெட்டுப்போச்சா ஸாரே?"
"ஸ்கேன்ல சுத்தமாத்தான் இருக்கும்மா."
குற்றம் செய்யாததை எதற்கு வெட்டுவது என்று
கேட்க வாயெடுத்து, விட்டேன்.
அவரே சொன்னார்:
பின்னால் குடிக்க ஒரு மருந்து தருவோம்,
ஒளிந்துகிடப்பதைத் தேடிப்போகும் மருந்து,
பாதி வீடு நின்றால்
அங்கேயே தங்கிவிடும்.

நான் பேச்சிப்பாறைப் பக்கம்
முன்னூற்று நாற்பது ரப்பர் வெட்டுகிறவள்.
நெற்றியில் விளக்கைக் கட்டி
நாலு மணிக்கு இறங்குவேன்.
கத்தி எவ்வளவு போகலாம் என்பது
எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம்.
பால் கூடுதலாய் இருப்பது தடியை ஒட்டித்தான்.
ஒரு நூல் தவறினால் தடியில் கொள்ளும்,
அந்த இடத்தில் மரம் முண்டு கட்டும்,
பிறகு எந்தக் கைக்கும் படியாது.

கையெழுத்துக்குக் கொடுத்த தாளில்
குரலின் நரம்பும் அப்படித்தான் இருந்தது,
ஒட்டினாற்போல்.
வலப்பக்கத்தது பிழைத்துவிட்டது.
நடுவில் முதல் வெட்டு
ஆறியும் ஆறாமலும் பிடித்துக்கிடக்கும்.

"நீங்க எத்தன வருஷமா வெட்டுதீங்க?"
டாக்டர் கனகசிங் கண்ணாடியைக் கழற்றினார்.
"பதினெட்டு."
"நான் இருவத்திரெண்டு."
அவர் சிரிக்கவில்லை.
எந்தப் பக்கத்திலிருந்து கோடு இழுப்பேன் என்று கேட்டார்.
இடது மேலிருந்து வலது கீழாக.
தலையசைத்தார்.
"நான் பழைய கோட்டிலயே போறேன்.
புதுசு ஒண்ணு வேண்டாம்."

ஆசாரிப்பள்ளம் வார்டில் அன்று ராத்திரி
பேசிப்பார்த்தேன்.
மகள் பேர், ஐடா ஷீபா.
ஆயல் பாட்டத்துக்காரன் பேர், தரவேண்டிய ரூபா.
அப்புறம் அந்தக் கூவல்,
வீட்டுக்காரர் எதிர்ச்சரிவில் நிற்கும்போது
இருட்டுக்குள் நான் விடுவது.
தலையணையில் வாயைப் புதைத்து
ஒரே ஒரு தடவை.
பக்கத்துக் கட்டில் குளச்சல்காரி புரண்டு படுத்தாள்:
"என்ன பிள்ளே, கெட்ட கனவா?"

விழித்தபோது தொண்டையெல்லாம் மணல்.
ஈரோட்டுப் பையன் ஒருவன், பயிற்சி டாக்டர்,
முகத்தருகே குனிந்து
"ஏதாவது பேசுங்கம்மா" என்றான்.
ஐடா என்று சொல்லத்தான் நினைத்தேன்.
வந்தது, "வெள்ளம்."
தகரத்தில் ஆணி இழுத்தமாதிரி.
ஆனாலும் எனக்குள்ளதுதான்.
அவன் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தான்.
நர்ஸ் பிரிசில்லா, தக்கலைக்காரி,
"குடிக்க தண்ணி கேக்காவ சார்" என்று
சிரிப்பை அடக்கமாட்டாமல்
பஞ்சை நனைத்து என் உதட்டில் வைத்தாள்.
சிரிக்க எனக்கும் வந்தது. தையல் விடவில்லை.

மறுநாள் விரல்நுனியில் எறும்பு ஊர்ந்தது.
கால்சியம் தந்தார்கள், சுண்ணாம்பு ருசி.
தேடுகிற மருந்து தை மாசம்.
ஒரு முறியில் தனியே நாலு நாள்,
ஐடா வாசலுக்குக்கூட வரக்கூடாது.

இப்போது மழை, வெட்டு இல்லை.
சும்மா ஒரு நாள் தோட்டத்துக்கு நடந்தேன்.
வெட்டிவிட்ட பக்கங்களில் மறுபட்டை
மெல்லிசாய் ஏறிவருகிறது.
கத்தி வைக்க இன்னும் ஆறு வருஷம் ஆகும்.
தொட்டுப்பார்த்தேன்.
பிறகு கழுத்தையும் தொட்டுப்பார்த்தேன்,
ஒருவரும் இல்லையே என்று.

ஆயுசுக்கும் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில்.
அதற்குப்பின் ஒரு மணிநேரம் வெள்ளம் மட்டும்தான்.
இத்தனை வருஷமும் கட்டன்சாயா குடிக்காமல்
நான் இறங்கியதில்லை.
நாலு மணிக்கு மாத்திரை என்றால்
அஞ்சு மணிக்கு எத்தனையாவது மரத்தில் நிற்பேன் என்று
விரல்விட்டு எண்ணிப்பார்த்தேன்.
தொண்ணூற்றாறு.
பாறையோரம் சாய்ந்து நிற்பது.
பிளாஸ்க் வாங்கவேண்டும்.