கொக்கி

வியாழக்கிழமை பயிற்சிக்குப் பதினொரு பேர்.
ஆட்டம் பதினைந்து பேருக்கானது.

வெய் ஜியான் ஹாங்காங்கில்.
இரட்டையரில் மூத்தவன் சிங்கப்பூரில்;
இளையவனுக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை,
ஆனாலும் அவனும் வருவதில்லை.
நாலாவது, கொக்கி.

புவனேந்திரன் என்று அடையாள அட்டையில்தான் இருக்கும்.
ஸ்க்ரம்மில் நடுவில் நின்று
காலால் பந்தைக் கொக்கி போட்டு இழுப்பவன் என்பதால்
திடலில் அந்த ஒரே பெயர்.
அவனுக்கு இடப்பக்கம் நான்,
வலப்பக்கம் ஹைகால்.
ஆறு வருஷம்.
என் வலது கை அவன் விலா எலும்புகளை
என் மோட்டார் கைப்பிடியைவிட நன்றாக அறியும்.
மூன்றாவது எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும்:
கெடாவுக்கு எதிராக உடைந்து
கோணலாக ஒட்டிக்கொண்டது.
கழுத்தில் எப்போதும் கோடாலித் தைலம்.
அது வியர்வையோடு என் கண்ணில் இறங்கி எரியும்.
எத்தனை ஸ்க்ரம்மில்
அழுதுகொண்டே தள்ளியிருக்கிறேன்,
ஹைகாலைக் கேளுங்கள்.

போகிறான் என்று எனக்குத் தெரிந்தது
கூட்டுறவுச் சங்கத்தின் கவுண்டரில்.
"ஒரு கையெழுத்து மச்சான், டிக்கெட்டுக்குத்தான்."
ஜாமீன்தாரர் என்ற கோட்டின் மேல்
என் பெயர், என் ஐசி எண்,
பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையின்
மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
வெளியே வந்துதான் கேட்டேன், எங்கே என்று.
குயின்ஸ்லாந்தில் ஏதோ ஒரு கரும்பு ஊர்.
பகலில் இறைச்சிக் கூடத்தில் பெட்டி அடுக்கணும்,
சனிக்கிழமை ஆடணும்,
ஜெயித்தால் தனிக் காசு.
யூனியன் இல்லை, லீக்.
பதின்மூன்று பேர்.
"ரெண்டு பேர் கம்மி, ஓட எடம் ஜாஸ்தி லா," என்றான்,
தே ஓ ஐஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு.
காசு நான் கொடுத்தேன்.
அதற்கு ஜாமீன் யாரும் கேட்கவில்லை.

அங்கே ஆடிய வீடியோ அனுப்பினான்.
இரவு ஷிப்ட் சாப்பாட்டு நேரத்தில்
லாக்கர் அறையில் பார்த்தேன்.
அந்த ஆட்டத்திலும் ஸ்க்ரம் உண்டு.
ஆனால் யாரும் தள்ளுவதில்லை.
சும்மா சாய்கிறார்கள்,
கல்யாண வீட்டில் போட்டோவுக்குத் தோள் போடுவதுபோல.
பந்து உள்ளே போகிறது, வெளியே வருகிறது,
கலைந்துவிடுகிறார்கள்.
நடுவில் அவன்.
ஒரு பக்கம் வெள்ளைக்காரப் பையன், மறுபக்கம் தோங்கா பையன்.
அவர்களுக்குக் கண் எரியவில்லை.
திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.
ட்ரை போட்டதைப் பார்த்தியா என்று கேட்டிருந்தான்.
பார்த்தேன் என்று பதில் போட்டேன்.
பிறகுதான் பார்த்தேன்.
நல்ல ட்ரை.

கோபம் என்று சொல்ல முடியாது.
இங்கே அவனுக்கு என்ன கொடுத்தோம்?
ஜெர்சிகளைத் துவைக்க மாதம் ஒரு முறை,
எப்போதாவது பெட்ரோல் காசு,
மழை பெய்தால் குளமாகும் திடல்,
மாநில அணித் தேர்வில் இரண்டு தடவை
கடைசி ஆளாக வெளியே.
கழுத்து எக்ஸ்ரே அவன் சொந்தச் செலவு.
தோள் வலி போயிருச்சு மச்சான் என்று
போன வாரம் எழுதினான்.
அதைப் படித்து சந்தோஷப்பட
எனக்கு அரை நாள் ஆயிற்று.

இந்த மாதத் தவணை இன்னும் வரவில்லை என்று
சங்கத்திலிருந்து ஒரு பெண் மரியாதையாகக் கூப்பிட்டாள்.
கட்டிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

கொக்கியின் இடத்தில் இப்போது ஒரு பையன்,
ஐந்தாம் படிவம், கவிநேசன்.
அறுபத்தெட்டுக் கிலோ, அதுவும் நனைந்தால்.
அவன் கை என் முதுகைச் சுற்றி எட்டவில்லை,
ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்துத் தொங்குகிறான்.
தலைகள் எல்லாம் கீழே போய்
புல்லும் மூச்சும் மட்டும் இருந்தபோது
மெதுவாகக் கேட்டான்:
அண்ணே, கொக்கி அண்ணனோட ஏஜெண்டு நம்பர் இருக்கா?

மேலே ஏதோ விமானம் கிளம்பும் இரைச்சல்.
அது முடியும்வரை காத்திருந்து
பயிற்சியாளர் "பைண்ட்" என்றார்.
பிடித்தேன்.
இவனுக்கு விலா எல்லாம் இன்னும் நேராக இருக்கிறது.