முப்பது வருடச் சந்தா

ரொசாரியோவில் ஜூலை என்றால் நடுக்குளிர்.
டோக்கன் இருநூற்றுப் பதினான்கு.
பிளாஸ்டிக் நாற்காலிக்கும் என் இடுப்புக்கும் ஒத்துவரவில்லை.
இருபத்திரண்டு வயதில், யாரோ ஒருத்தியின் சமையலறையில்
கள்ள ஊசியால் ஏற்றிக்கொண்ட எண்ணெய்
நாற்பது வருடமாக இறங்கி இறங்கி
இப்போது கணுக்காலில் வந்து நிற்கிறது.
அவசரமே இல்லாமல் வந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் மரியாதைக்காரன்.
அட்டையைப் பார்த்து
"சுல்மா பாரியெந்தோஸ் அம்மா" என்றான்.
முதல் தடவை ஓர் அரசாங்க வாயிலிருந்து
அந்தப் பெயர் வந்தபோது
கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு அழுதேன்.
இப்போது பழகிவிட்டது.
பெயரை உலையில் போட முடியாது.

"எத்தனை வருடம் சந்தா கட்டியிருக்கிறீர்கள்?"
திரையில் தேடினான்.
பூஜ்யம்.
முப்பது வேண்டுமாம்.

வேலை பார்த்தேன், தம்பி.
பகலில் ஒரு பல் டாக்டர் வீட்டில் துணி தேய்த்தேன்,
விருந்தாளி வந்தால் கொல்லைப்பக்கம் போகச் சொல்வார்கள்.
ராத்திரி ரயிலடிக்குப் பின்னால்.
எது வேலை என்று உன் படிவத்தில் ஒரு கட்டம் இருக்குமே,
அதற்குள் நான் எந்தப் பக்கமாகப் படுத்தாலும்
கால் வெளியே நீட்டிக்கொள்கிறது.

பையைத் திறந்தேன்.
ஆவணக் காப்பகத்தில் கெஞ்சி வாங்கிய நகல்கள்.
தேதி. மணி. குற்றம்: பெண் உடை.
அபராதம் இவ்வளவு, அல்லது ஆறு நாள்.
நூற்று நாற்பத்து மூன்று தாள், எண்ணிக்கொள்.
ஒவ்வொன்றிலும் முத்திரை, உன் அரசாங்கத்துடையதுதான்.
சர்வாதிகாரி போனான், ஜனநாயகம் வந்தது,
அபராதம் மட்டும் வேலையை விடவில்லை.
கட்டினேன். தவணை தவறாமல் கட்டினேன்.
இதற்குப் பெயர் சந்தா இல்லையென்றால்
என்னவென்று நீயே சொல்.

"இதில் வேறு பெயர் இருக்கிறதே அம்மா?"
இருக்கும்.
அடி வாங்கியது அவன், மூட்டுவலி எனக்கு
என்று பிரித்துத் தர முடியுமா உன்னால்?

ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம்.
பெத்தியானா இருபத்தொன்பதில்.
துருக்கிக்காரி என்று கூப்பிடுவோமே, அவள் முப்பத்து நான்கில்.
ஈவோன் எத்தனை வயதில் என்று யாருக்கும் தெரியாது,
அவளே மாற்றி மாற்றிச் சொல்வாள்.
மார்லேனை ஆற்றில் எடுத்தார்கள்.
கிழவியாவோம் என்று எங்களில் ஒருத்தியும்
ஒரு பீசோகூடப் பந்தயம் கட்டியதில்லை.
அவர்கள் வாழாமல் விட்ட வருடங்களைச் சேர்த்துப் போடேன்,
முப்பது என்ன, நூறைத் தாண்டும்.
கேட்டால் தருவார்கள்.
லிப்ஸ்டிக்கைத் தவிர எதையும் மறைத்து வைக்காதவர்கள்.

பையன் தாள்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தர்
"சீக்கிரம் முடியுங்கள்" என்றார்.
முடிக்கத்தான் ஐயா பார்க்கிறார்கள், நாற்பது வருடமாக.

திரும்பி வந்தான்.
பதில் எதுவும் சொல்லவில்லை.
மேலே உள்ள தாளில் "பெறப்பட்டது" என்று குத்தி,
என் பெயரை, இந்தப் பெயரை, கையால் எழுதினான்.
தொண்ணூறு நாள்.

பேருந்துப் படி உயரம்.
விரல்விட்டு எண்ணினேன்: அக்டோபர்.
அதற்குள் குளிர் போய்விடும்.
பணம் வந்தால் ஒரு ஹீட்டர் வாங்கலாம்,
அடுத்த குளிருக்கு.

அடுத்த குளிர்.
சொல்லிப் பார்த்தால் நாக்கு கூசுகிறது.